தீனும் தாய்மொழியும்: சாந்திநிகேதன் உருவாக்கிய அறிஞர் சையத் முஜ்தபா அலி

ஓர் ஊரின் பெருமை அவ்வூரில் எழுந்த மாடமாளிகைகளைக் காட்டிலும் அங்குப் பயின்று வெளிப்போந்த மாந்தரால் நிலைபெறுகின்றது. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், போல்பூர் இரயில் நிலையத்தை அடுத்து அமைந்த சாந்திநிகேதன் அத்தகைய ஊர். ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும், பவுல் எனப்படும் நாட்டுப்புறப் பாடகர்தம் இசைக்கும் பெயர்பெற்ற அப்பல்கலைக்கழக நகரை, 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்நகரின் பெயரைக் கேட்டவுடன் மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் திருவுருவம் நம் உள்ளத்தில் தோன்றுவது இயல்பு. ஆயின், அம்மகாகவியின் நிழலில் அமர்ந்து பயின்று, பதினைந்திற்கு மேற்பட்ட மொழிகளைக் கற்றவர் எனப் போற்றப்பெற்று, தம் தாய்மொழிக்காகக் கல்லூரி முதல்வர் பதவியையும் விட்டு நீங்கிய முஸ்லிம் பேரறிஞர் ஒருவரை வங்காள மக்கள் அறிந்த அளவிற்குத் தமிழ்மக்கள் அறிந்திலர். அவரே சையத் முஜ்தபா அலி. அவர்தம் வாழ்வை நம் மாணவச் செல்வங்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் சுருங்க எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

முஜ்தபா அலி 1904-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், அன்றைய அசாம் மாகாணத்துச் சில்ஹட் மாவட்டத்தில் கரீம்கஞ்ச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சையத் சிக்கந்தர் அலி சார்பதிவாளராகப் பணியாற்றியவர். மார்க்கப்பற்றும் கல்விப்பற்றும் ஒருங்கே வாய்ந்த குடும்பம் அது. வீட்டில் அரபும் பாரசீகமும் மதிப்புடன் ஓதப்பெற்றன. அன்னையின் நாவில் வங்காளம் வழங்கிற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகளை நோக்குங்கால் நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1919-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தாகூர் சில்ஹட் நகருக்கு வருகை புரிந்தார். நோபல் பரிசு பெற்று ஆறாண்டுகள் கழிந்திருந்த காலம் அது. மாணவரிடையே அவர் உயர்ந்த வேட்கை என்னும் பொருள் பற்றி உரையாற்றினார். கேட்டோருள் பதினைந்து வயதுப் பள்ளி மாணவர் முஜ்தபாவும் ஒருவர். உரை முடிந்ததும் பிறர் கலைந்து சென்றனர். இச்சிறுவரோ எவரிடமும் சொல்லாமல் மகாகவிக்கு மடல் எழுதினார். உயர்ந்த வேட்கை கைவரப்பெற ஒருவர் யாது செய்தல் வேண்டும் என்பதே அம்மடலின் வினா. சின்னாளில் கவிஞரின் கையெழுத்திலேயே மறுமொழி வந்தது. தன்னலம் கடந்து பிறர்நலம் நாடும் உள்ளமே மனிதனை உயர்த்தும் என்பது அம்மறுமொழியின் சாரம். அஞ்சலில் வந்த அவ்வொரு தாள் அச்சிறுவரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிவிட்டது.

அடுத்த ஓராண்டில் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. ஆங்கில அரசின் பள்ளியில் பயில்வதை முஜ்தபா துறந்தார். அரசு அலுவலரின் மகன் அரசுப் பள்ளியைத் துறப்பதென்பது அந்நாளில் எளிய செயலன்று. 1921-ஆம் ஆண்டு, தம் பதினேழாம் அகவையில், அவர் சாந்திநிகேதன் சென்று சேர்ந்தார்.

செம்மண் நிலத்தில் ஒரு கல்விச்சாலை

முஜ்தபா சென்றடைந்த இடம் அந்நாளில் எத்தகையது என்பதை இவண் அறிதல் நலம். தாகூரின் தந்தையார் தேவேந்திரநாதர் 1863-ஆம் ஆண்டு இருபது பிகா நிலத்தைக் குத்தகையாகப் பெற்று, தியானத்திற்கு உரிய தனியிடமாக அதனை அமைத்தார். மழைநீர் அரித்துப் பள்ளமும் மேடுமாகிய செம்மண் பரப்பு அது. 1901-ஆம் ஆண்டு டிசம்பரில் தாகூர் அங்கு ஐந்து மாணவருடன் பள்ளி தொடங்கினார். சுவரற்ற வகுப்புகள், மரநிழலே கூரை. பின்னர் 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் விசுவபாரதி முறைப்படி தொடங்கப்பெற்றது. உலகு முழுவதும் ஒரு கூட்டில் வந்து தங்கும் இடம் என்னும் கருத்தை அக்கல்விச்சாலை தன் குறிக்கோளாகக் கொண்டது.

அக்குறிக்கோள் ஏட்டளவில் நிற்கவில்லை. பிரெஞ்சு நாட்டுச் சில்வேன் லெவி முதல் வருகைப் பேராசிரியராக வந்தார். பிராகு நகரின் விண்டர்நிட்சு வந்தார். பாரசீகம் கற்பிக்க உருசிய நாட்டுப் போக்தனோவ் வந்தார். நந்தலால் போஸ் கலாபவனத்திற்குத் தலைமையேற்றார். சீனம் முதல் ஐரோப்பா வரையில் பரந்த அறிவுலகம் மின்விளக்கும் அரிதாயிருந்த அச்சிற்றூரில் வந்து கூடியது.

அவ்வுலகினுள் நுழைந்த தொடக்ககால முஸ்லிம் மாணவருள் முஜ்தபாவும் ஒருவர். முதற் சந்திப்பில் அவர்தம் பேச்சிலே சில்ஹட் வட்டார வழக்கு ஒலிப்பதைக் கேட்ட தாகூர், அவ்வூர் ஆரஞ்சுப்பழத்தின் மணம் வீசுவதாக நகையாடினார் என்பர். எதனைக் கற்க விரும்புகிறாய் என வினவியபொழுது, ஏதேனும் ஒன்றை முற்றக் கற்க வேண்டும் என்று மாணவர் விடையிறுத்தார். பலவற்றைக் கற்பதால் வரும் தீங்கு யாது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். அன்று முதல் பலவற்றைக் கற்பதே முஜ்தபாவின் வாழ்நெறியாயிற்று. சமற்கிருதம், அரபு, பாரசீகம், இந்தி, குசராத்தி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்பால் வந்து சேர்ந்தன. 1926-ஆம் ஆண்டு விசுவபாரதியின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக அவர் வெளிவந்தார்.

இந்நிறுவனத்திற்கும் இஸ்லாமியக் கல்விக்கும் இருந்த உறவு பலர் அறியாதது. 1927-ஆம் ஆண்டு ஐதராபாத் நிஜாம் இஸ்லாமியவியல் துறைக்கென ஓர் இலட்சம் ரூபாய் நன்கொடை வழங்கினார். அத்துறையின் பொறுப்பேற்று 1929 முதல் 1932 வரை பணியாற்றியவர் அங்கேரி நாட்டுப் பேரறிஞர் ஜூலியஸ் ஜெர்மானஸ். இந்தியாவில் தங்கியிருந்த அந்நாள்களிலேயே அவர் இஸ்லாத்தைத் தழுவி அப்துல் கரீம் என்னும் பெயர் பூண்டார்; 1935-இல் ஹஜ் கடமையையும் நிறைவேற்றினார். எல்லை காந்தி எனப் போற்றப்பெறும் கான் அப்துல் கஃபார் கான் தம் மகன் கனிகானைச் சாந்திநிகேதனிலேயே பயிலவிட்டார்.

பவுல் இசையின் ஊர்

முஜ்தபாவின் உள்ளத்தை உருவாக்கியவற்றுள் நூலகத்திற்கு வெளியே இருந்த ஒரு பள்ளியும் உண்டு. அதுவே பவுல் இசை. ஆண்டுதோறும் பௌஷ மாதம் ஏழாம் நாள் சாந்திநிகேதனில் தொடங்கும் திருவிழாவிற்கும், தை முதல்நாளை ஒட்டி அசய் ஆற்றங்கரையில் கெந்துளி என்னும் ஊரில் கூடும் விழாவிற்கும், காவி உடையும் ஒற்றை நரம்புக் கருவியும் தாங்கிப் பவுல்கள் வருவர். அவருள் இந்துக் குடியிற் பிறந்தோரும் உளர். முஸ்லிம் குடியிற் பிறந்த பக்கீர்களும் உளர். இறைவனை வெளியே தேடாது உள்ளத்தே தேடுதல் அவர்தம் பாடற்பொருள். நம் குணங்குடி மஸ்தான் சாகிபு அப்பாவின் பாடல்களில் தோய்ந்தோர்க்கு அவ்விசை அயலாகத் தோன்றாது.

பவுல்களுள் தலைசிறந்த லாலன் பக்கீர் 1890-ஆம் ஆண்டு குஷ்டியா வட்டாரத்தில் மறைந்தார். தாகூர் அவர்தம் பாடல்களைத் தொகுத்து இதழில் வெளியிட்டார். விசுவபாரதிப் பேராசிரியர் க்ஷிதிமோகன் சென் ஊர்ஊராகச் சென்று பவுல் பாடல்களையும் கபீரின் பாடல்களையும் திரட்டினார். ககன் அர்காரா என்னும் அஞ்சல்காரர் பாடிய பவுல் மெட்டில் தாகூர் 1905-இல் அமைத்த பாடலே பிற்காலத்தில் வங்கதேசத்தின் நாட்டுப்பண் ஆயிற்று. கற்றறிந்த பேராசிரியரும் எழுத்தறியாப் பக்கீரும் ஒரே தாய்மொழியில் ஒரே மெய்ப்பொருளைப் பேசிய அச்சூழலில் ஐந்தாண்டுகள் வாழ்ந்த மாணவர், பொதுமக்களின் பேச்சுமொழியை ஒருநாளும் இழிவாக எண்ணவில்லை. பின்னாளில் இதழ்களில் எழுதும்போது அவர் மேற்கொண்ட புனைபெயர்களுள் ஒன்று சத்தியபீர் என்பது. வங்காளத்துச் சிற்றூர்களில் இரு சமயத்தாரும் மதித்துவந்த ஓர் இறைநேசரின் பெயர் அது.

காபூல், பான், கெய்ரோ

1927-ஆம் ஆண்டு முஜ்தபா கைபர்க் கணவாயைக் கடந்து காபூல் சென்றார். ஆப்கானித்தான அரசின் கல்வித்துறையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. சாந்திநிகேதனில் அவர் கண்ட போக்தனோவும் அங்கு வந்திருந்தார். அந்நாட்டை ஆண்ட அமானுல்லா மன்னர் ஐரோப்பிய உடையையும் பழக்கவழக்கங்களையும் மக்கள்மீது விரைந்து சுமத்த முற்பட்டார். மக்களின் மனம் அறியாது மேலிருந்து திணிக்கப்பெற்ற மாற்றம் கலகமாக வெடித்தது. 1929 சனவரியில் கலகத் தலைவன் பச்சா சக்காவோ காபூலைக் கைப்பற்றினான். உணவும் விறகும் அற்ற குளிர்காலத்தை நெருக்கடியிற் கழித்த முஜ்தபா, பின்னர் வானூர்தி வாயிலாக மீட்கப்பெற்றார்.

இப்பட்டறிவே பிற்காலத்தில் ‘தேசே பிதேசே’ என்னும் பயண நூலாக மலர்ந்தது. 1948-இல் ‘தேஷ்’ இதழில் தொடராக வெளிவந்த அந்நூல், வங்காளப் பயண இலக்கியத்திற்கு ஒரு புதிய பாதை வகுத்தது எனலாம். நகைச்சுவை ஊடுபாவாக ஓட, அரசியல் அறிவும் மாந்தநேயமும் அதிற் கலந்து நிற்கும். மன்னரும் தூதுவரும் வந்துபோகும் அந்நூலில் படிப்போர் நெஞ்சில் நிலைத்து நிற்பவர், பஞ்சசீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வந்து அவருக்குச் சமைத்துப்போட்ட பணியாளர் அப்துர் ரஹ்மான். வானூர்தித் திடலின் பனிப்பரப்பில் நின்று அவ்வேழை விடைகொடுக்கும் காட்சியோடு நூல் முடிவதைக் கண்கலங்காது படித்தல் அரிது.

பின்னர் உதவித்தொகை பெற்று ஜெர்மனி சென்ற முஜ்தபா, பெர்லினிலும் பானிலும் பயின்று 1932-இல் பான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். குசராத்துக் கோஜா சமுதாயத்தின் தோற்றமும் சமய வாழ்வும் அவர்தம் ஆய்வுப்பொருள். அச்சமுதாயத்தார் தம் சமயப் பாடல்களைத் தம் வட்டார மொழிகளிலேயே பாடிப் போற்றி வந்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1934-35 ஆண்டுகளில் கெய்ரோ நகரின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆயிரம் ஆண்டு பழமை சான்ற அக்கல்விக்கூடத்தில் பயிலும் பேறு பெற்றவர்க்கு இஸ்லாமியக் கலைகளில் இருந்த புலமையை எவரும் ஐயுற இயலாது. அதன்பின் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் அழைப்பை ஏற்று, பரோடாக் கல்லூரியில் சமய ஒப்பியல் பேராசிரியராக ஏறத்தாழ எட்டாண்டுகள் பணியாற்றினார்.

சில்ஹட் கூட்டமும் பொக்ராக் கல்லூரியும்

1947-ஆம் ஆண்டு நாடு பிரிக்கப்பட்டது. சூலைத் திங்களில் நடந்த பொதுவாக்கெடுப்பின்படி சில்ஹட் கிழக்குப் பாகிஸ்தானோடு இணைந்தது. ஆயின் கரீம்கஞ்ச் வட்டாரம் இந்தியாவிலேயே நின்றது. முஜ்தபா பிறந்த ஊர் ஒரு நாட்டிலும் வளர்ந்த ஊர் மற்றொரு நாட்டிலுமாகப் போயின. கரீம்கஞ்ச் இன்று அசாம் மாநிலத்தில் ஸ்ரீபூமி எனப் பெயர்மாற்றம் பெற்றுள்ளது.

புதிய நாட்டின் ஆட்சிமொழி யாது என்னும் வினா உடனே எழுந்தது. உருதுவே ஒரே ஆட்சிமொழி என்றும், அதுவே முஸ்லிம்களுக்குரிய மொழி என்றும் ஆட்சியாளர் கருதினர். நாட்டு மக்களுள் பெரும்பான்மையோர் வங்காளம் பேசுவோராக இருந்தும் அவர்தம் மொழிக்கு இடமில்லை என்றாயிற்று. இந்நிலையில் 1947 நவம்பர் 30-ஆம் நாள் சில்ஹட்டில் முஸ்லிம் இலக்கியச் சங்கத்தின் கூட்டத்தில் முஜ்தபா உரையாற்றினார். விடுதலை பெற்று நான்கு திங்களே ஆகியிருந்த காலம். அவைக்குள் கூச்சலும் இடையூறும் எழுந்தன. அவர் அஞ்சாது தம் கருத்தை முடிவுவரை எடுத்துரைத்தார்.

அவர்தம் வாதத்தின் சாரம் இதுவாகும். அரபியர் ஈரானுக்கு இஸ்லாத்தைக் கொண்டுசென்றனர். ஈரானியர் மார்க்கத்தை ஏற்றனர், பாரசீகத்தைக் கைவிடவில்லை. துருக்கியரும் அவ்வாறே தம் மொழியைக் காத்தனர். தாய்மொழியை இழந்ததனால் முஸ்லிம்கள் மேலும் நல்ல முஸ்லிம்கள் ஆயினர் என்பதற்கு வரலாற்றிற் சான்றில்லை. மக்களின் மொழியைப் பறித்து அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேற்றுமொழியைத் திணித்தால் சிற்றூர் உழவனின் பிள்ளை கல்வியையும் வேலையையும் இழப்பான். ஒருநாள் அம்மக்கள் கிளர்ந்தெழுவர். நாடு இரண்டாகப் பிளவுபடும். இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிகழவிருந்ததை அவர் அன்றே உரைத்தார். காபூலில் மேலிருந்து திணிக்கப்பெற்ற மாற்றத்தின் முடிவைக் கண்ணாரக் கண்டவரல்லவா?

இவ்வாதம் உருதுமொழிமீது கொண்ட வெறுப்பால் பிறந்தது எனக் கொள்ளுதல் பிழையாகும். அவர் உருதுவை நன்கறிந்தவர். அதன் இலக்கியச் சுவையைப் போற்றியவர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு அம்மொழிமீது எத்துணை உரிமை உண்டோ, அத்துணை உரிமை வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு வங்காளத்தின்மீது உண்டு என்பதே அவர் கொள்கை.

1948-49 காலத்தில் அவர் பொக்ரா நகரின் அசீசுல் ஹக் கல்லூரியில் முதல்வராகப் பொறுப்பேற்றார். வங்காளத்தை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்னும் அவர்தம் கருத்து கட்டுரையாக அச்சேறியது. அரசு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. எழுதியதைத் திரும்பப் பெற்றிருந்தால் பதவி நிலைத்திருக்கும். அவர் எழுத்தைக் காத்துப் பதவியை விட்டார். 1949-இல் இந்தியா திரும்பினார். அதே ஆண்டில் ‘தேசே பிதேசே’ நூலுக்கு தில்லிப் பல்கலைக்கழகத்தின் நரசிங்கதாஸ் பரிசு கிடைத்தது. முதல்வர் பதவியை இழந்த ஆண்டும் முதல்தர எழுத்தாளர் என்னும் ஏற்பு வந்த ஆண்டும் ஒன்றாயின.

இதே 1949-ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லியில் இந்திய அரசியல் நிருணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடைபெற்றது. அங்கு எழுந்து நின்று, தொன்மையே அளவுகோலாயின் இந்நாட்டில் தமிழுக்கே முதன்மை என்னும் கருத்தை நிலைநாட்டியவர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப். ஒருவரையொருவர் அறியாத இரு முஸ்லிம் பெருமக்கள், இரு நாடுகளில், ஓராண்டில், தத்தம் தாய்மொழிக்காக வாதிட்டனர் என்பது வரலாறு நமக்கு ஈந்த பெருமிதமாகும்.

முஜ்தபா எச்சரித்தவாறே 1952 பிப்ரவரி 21-ஆம் நாள் டாக்காவில் தாய்மொழிக்காகக் கிளர்ந்த மாணவர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இளைஞர் பலர் உயிர்நீத்தனர். 1956-இல் வங்காளம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆயினும் பிளவு ஆறவில்லை. 1971-இல் வங்கதேசம் தனிநாடாயிற்று. 1999-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் பிப்ரவரி 21-ஆம் நாளை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

எல்லைக்கோட்டின் இருபுறமும்

இந்தியா திரும்பிய முஜ்தபா, மௌலானா அபுல் கலாம் ஆசாத் தலைமையில் அமைந்த இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தில் செயலாளராகவும் அதன் அரபு இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். பின்னர் அகில இந்திய வானொலியில் நிலைய இயக்குநரானார். 1956-இல் தாம் பயின்ற சாந்திநிகேதனுக்கே ஆசிரியராக மீண்டார். ஜெர்மன் மொழியையும் பின்னர் இஸ்லாமியப் பண்பாட்டையும் அங்குக் கற்பித்தார். ‘பஞ்சதந்திரம்’, ‘சாச்சா காகினி’, ‘சப்னம்’ முதலான நூல்கள் அவர்தம் புகழை வளர்த்தன. உமர் கய்யாமின் பாடல்களைக் கவிஞர் நஸ்ருல் இஸ்லாம் வங்காளத்தில் பெயர்த்த நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் இவரே. 1961-இல் ஆனந்த புரஸ்கார் விருது பெற்றார்.

இப்புகழுக்குப் பின்னே ஒரு துயரம் இருந்தது. 1951-இல் அவர் மணந்த இரபேயா காத்தூன் அம்மையார் கிழக்குப் பாகிஸ்தானில் கல்விப் பணியில் இருந்தவர். துணைவியாரும் புதல்வர் இருவரும் எல்லைக்கு அப்பால் வாழ, இவர் இப்பால் வாழ நேர்ந்தது. 1965-ஆம் ஆண்டுப் போர் இரு வங்காளங்களுக்கும் இடையே ஓடிய இரயில்களையும் நிறுத்தியது. எழுத்தில் ஊரையெல்லாம் சிரிக்கவைத்தவர் தம் மக்கள் வளர்வதை அருகிருந்து காணும் பேறின்றித் தனித்திருந்தார். வங்கதேசம் மலர்ந்த பின்னர், 1972-இல் டாக்கா சென்று குடும்பத்தாருடன் இணைந்தார். அவ்வின்பம் இரண்டாண்டுகளே நீடித்தது. 1974 பிப்ரவரி 11-ஆம் நாள் அவர் இறையடி சேர்ந்தார். தாய்மொழி ஈகியரின் நினைவுநாளுக்குப் பத்து நாள்களே எஞ்சியிருந்தன. 2005-ஆம் ஆண்டு வங்கதேச அரசு அந்நாளின் பெயரால் வழங்கும் ஏகுஷே பதக் விருதை அவர்தம் நினைவிற்கு அளித்துச் சிறப்பித்தது.

சாந்திநிகேதன் செல்வோர்க்கு

நம் மாணவர் கல்விச் சுற்றுலாவாகச் சாந்திநிகேதன் செல்வராயின் காணத்தக்கன பல. வண்ணக் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட வழிபாட்டு மண்டபமும், தாகூர் வாழ்ந்த இல்லங்கள் அடங்கிய உத்தராயண வளாகமும், மரநிழல் வகுப்புகளும் அவற்றுள் முதன்மையானவை. ஆங்கு வார விடுமுறை ஞாயிறன்று, புதன்கிழமை என்பதை முன்னரே அறிந்து செல்லுதல் நன்று. ஆயின் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலிருந்து செல்வோர் இரு படைப்புகளின்முன் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

முதலாவது, இந்தி பவனத்தின் சுவரில் பினோத் பிஹாரி முகர்ஜி 1946-47-இல் தீட்டிய இடைக்கால அருளாளர் வாழ்வு பற்றிய ஓவியம். பார்வைக்குறைபாடு உடைய அவ்வோவியர், நாடு சமயத்தால் பிளவுண்ட அவ்வாண்டுகளிலேயே, கபீரையும் துளசிதாசரையும் சூர்தாசரையும் குரு கோவிந்தசிங்கையும் ஒரே மக்கள்திரளில் நடக்கவிட்டார். அத்திரளில் நம் திருப்பெரும்புதூர் ஈன்ற இராமானுசரும் இருக்கின்றார். தம் ஊரவர் ஒருவரை ஆயிரம் மைல்களுக்கு அப்பால், தறிநெய்த முஸ்லிம் குடும்பத்துக் கபீரோடு ஒரே சுவரில் காணும் மாணவர்க்கு எந்நூலும் தர இயலாத பாடம் ஒன்று கிடைக்கும்.

இரண்டாவது, ராம்கிங்கர் பைஜ் 1956-இல், முஜ்தபா ஆசிரியராக மீண்ட அதே ஆண்டில், செம்மண் கற்பொடியும் சிமெண்டும் கலந்து வடித்த ‘ஆலை அழைப்பு’ என்னும் சிற்பம். ஆலைச் சங்கின் ஒலி கேட்டுச் சந்தால் பெண்கள் இருவர் விரைந்தோட, சிறுபிள்ளை ஒன்று பின்தொடர்கின்றது. ஈரம் உலராத ஆடை காற்றில் பறக்கின்றது. பிள்ளைப்பாக்கம் சிப்காட் சாலையில் முறைமாற்ற வேளையில் பேருந்துகளை நோக்கி விரையும் தொழிலாளரை நாளும் காணும் நமக்கு அச்சிற்பத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

நமக்குரிய பாடம்

பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் ஆகிய ஊர்களின் தொழிற்சாலைகளில் இன்று தமிழரோடு வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் மாநிலத்தாரும் உழைக்கின்றனர். தேநீர்க் கடைகளில் வங்காளப் பேச்சு ஒலிக்கின்றது. அவ்விளைஞருள் முஸ்லிம்களும் உளர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் அவர்கள் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றனர். தொழுகை முடிந்ததும் அவர்தம் மொழி அறியாமையால் ஸலாம் ஒன்றோடு நாம் விலகிச் செல்கின்றோம். வங்காளம் பேசுவதைக் கேட்ட மாத்திரத்தில் ஒருவரை அயல்நாட்டார் என ஐயுறும் போக்கும் நாட்டில் ஆங்காங்கே தலைதூக்குகின்றது. எல்லைக்கோடு ஒன்று ஒருவர்தம் பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும், கணவனையும் மனைவியையும் எங்ஙனம் பிரித்தது என்பதை முஜ்தபாவின் வாழ்விற் கண்டோர், அவ்வையத்திற்கு இடங்கொடார்.

தமிழ்த்துறை மாணவர்க்கு இவ்வாழ்வு உரைப்பது மற்றொன்றும் உண்டு. ஒவ்வோர் இறைத்தூதரும் தம் சமுதாயத்தாரின் மொழியிலேயே செய்தி உரைத்தனர் என்பது நாம் அறிந்த மறையுண்மை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் 5027 பாடல்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் பாடியபோது அவர்தம் ஈமானுக்குக் குறைவு நேர்ந்ததில்லை. தமிழுக்கு ஏற்றமே விளைந்தது. சில்ஹட் அவையில் கூச்சலிட்டோர் அறியத் தவறிய இவ்வுண்மையைத் தமிழ் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து காட்டி வந்துள்ளனர். தமிழ் படித்தால் பயன் யாது என்று வீட்டிலும் வெளியிலும் வினவப்பெறும் நம் மாணவர் அவ்வினாவின்முன் தலைகுனிய வேண்டுவதில்லை. அதே வேளையில் தமிழ் ஒன்றோடு நின்றுவிடவும் வேண்டுவதில்லை. முஜ்தபா பல மொழிகளைக் கற்றதனால்தான் தம் மொழியின் அருமையை அறிந்தார். தம் மொழியில் ஊன்றி நின்றதனால்தான் பிறமொழிகளை அச்சமின்றிக் கற்றார்.

ஆதலின், இவ்வாண்டில் நம் மாணவர் ஒவ்வொருவரும் இந்திய மொழிகளுள் ஒன்றையேனும் புதிதாகக் கற்கத் தொடங்குவாராக. அதற்குக் கட்டணம் செலுத்திச் சேரும் நிலையம் வேண்டுவதில்லை. அடுத்த ஜும்ஆவில் அருகில் நிற்கும் வங்காள இளைஞரை அண்ணன் என்றோ தம்பி என்றோ அழைத்து, அவர் ஊரின் பெயரையும் அம்மொழியில் நலம் வினவும் முறையையும் கேட்டறிதலே தொடக்கமாக அமையும். மாற்றாக நாம் அவருக்கு நம் தமிழில் நான்கு சொற்கள் கற்பிக்கலாம். பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் ஊதியத் தாளையும் படிக்க இயலாது தவிக்கும் அவர்க்கு அந்நான்கு சொற்கள் பேருதவியாகும். எல்லாம் வல்ல அல்லாஹ் நம் கல்வியைப் பிறர்க்குப் பயன்படும் கல்வியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.